நூற்றெட்டு நெல் வைத்த மூடி

ஈரச்சாக்கைப் பிரித்ததும் முதலில் வந்தது மணம்.

அந்த மணம் எங்கள் குடியேற்றத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதைநெல்லை நனைத்துச் சாக்கில் கட்டி வைத்து, மூன்றாம் நாள் அவிழ்க்கும்போது இளஞ்சூடும் லேசான புளிப்புமாக முகத்தில் அடிக்குமே, அதேதான். ஆனால் அந்தச் சாக்குக்குள் நான் விதைநெல் கட்டி வைக்கவில்லை. என் தங்கை பூரணத்தின் கலியாணப் பெட்டியின் மூடியைத்தான் வைத்திருந்தேன்.

அடுப்படிக் குசினி வாசலில் குந்தியிருந்து மூடியை வெளியே எடுத்தேன். சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றிய பனையோலையில் இழைத்த மூடி. அதன் மேல் வட்டம் வட்டமாக நெல்மணிகள் செருகியிருந்தேன். அந்த நெல்லெல்லாம் முளைத்திருந்தது. ஒரு விரற்கடை நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று.

வெளியே பந்தல் காலுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள்.

"ஐயோ, பிள்ளையாரே!" என்று நான் போட்ட சத்தத்தில் வாழை கட்டியவர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், பாம்பு என்று நினைத்து.

பெருமைக்காரி

இந்தத் தொடரில் சில கிழமைகளுக்கு முன் நாங்கள் கிணறு வெட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அம்மா, உங்களுக்குப் பெருமை கொஞ்சம் கூடத்தான்" என்று கடிதம் போட்டிருக்கிறார். ஓம் பிள்ளை, கூடத்தான். கிணற்று விஷயத்திலாவது நாலு பேர் கூட நின்று வெட்டினார்கள். பெட்டி மூடி விஷயத்தில் என் பெருமைக்குப் பங்காளி கிடையாது.

பெட்டி இழைக்க எல்லோருக்கும் வரும். யாழ்ப்பாணப் பக்கத்தில் பெண்ணாய்ப் பிறந்தவள், புட்டு அவிக்க ஒரு நீற்றுப்பெட்டியாவது இழைக்கத் தெரியாமல் வளர மாட்டாள். மூடல்பெட்டி வேறு விஷயம். அடியைத் தனியாக இழைக்க வேண்டும், மூடியைத் தனியாக இழைக்க வேண்டும். பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். மூடியில் ஓர் ஓலை கூடினால் தொளதொள என்று ஆடும். ஓர் ஓலை குறைந்தால் ஏறவே ஏறாது.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மூடியை மட்டும் பிடித்துப் பெட்டியைத் தூக்க வேண்டும். அடியும் கூடவே எழும்ப வேண்டும். பிறகு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரத்துக்குள், ஓலையோடு ஓலை உரசி அடி தானாக இறங்க வேண்டும். தூக்கியதும் விழுந்தால் மூடி தளர்வு. தொங்கிக்கொண்டே நின்றால் இறுக்கம். நான் இழைத்தவை எப்போதும் மூன்றுக்கு இறங்கும்.

அலங்காரமும் அப்படித்தான். பூ வைப்பது பெரிய காரியமில்லை. விளிம்பை மடித்து, ஈர்க்கு வைத்து, பனை நாரால் பொத்தித் தைத்து முடிக்கும்போது, எங்கே தொடங்கினோம் எங்கே முடித்தோம் என்று தெரியக் கூடாது. என் பெட்டியின் முடிச்சை இன்றுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. தேடிப் பார்த்தவர்கள் உண்டு.

ஊதாக் கை

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணின் கையில் ஒரு சிறிய மூடல்பெட்டி போக வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தால் அடங்கும் அளவு. உள்ளே குங்குமச் சிமிழ், சீப்பு, ஒரு சின்னக் கண்ணாடி, இரண்டு துண்டு மஞ்சள். அதைத் தாய் இழைத்துக் கொடுக்க வேண்டும். தாய் இல்லாவிட்டால் மூத்தவள்.

பூரணத்துக்கு ஆறு வயதாக இருக்கும்போதே எங்கள் அம்மா போய்விட்டார். நான் கலியாணம் முடித்து, குளத்துத் தண்ணீரை நம்பி அக்கராயனுக்குக் குடி வந்தபோது, ஒரு கையில் அம்மா இழைத்துத் தந்த பெட்டியும் மறு கையில் பூரணமுமாகத்தான் பஸ்ஸால் இறங்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த மனிதரோடு நான் போட்ட சண்டைகளை எல்லாம் இந்தத் தொடரில் எழுதியாயிற்று. இதையும் எழுதிவிட வேண்டும்.

ஆகவே பூரணத்தின் பெட்டி என் பெட்டி. பூநகரிப் பக்கமிருந்து இளங்குருத்தாகச் சார்வோலை எடுப்பித்தேன். பனியில் போட்டு வெளுக்க வைத்து, வார்ந்து, பாதியைச் சிவப்புச் சாயத்திலும் பாதியை ஊதாவிலும் உப்புப் போட்டு அவித்தேன். பெரிய பானை நிறைய ஊதா நிறம் கொதித்த மணம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்த வீச்சத்தில் எங்கள் பூனை கூடக் குசினிப் பக்கம் வரவில்லை.

கையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கூட்டுறவுக் கடைக்குச் சீனி வாங்கப் போனபோது கடைக்காரர் என் கையைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார்.

"என்ன தங்கச்சி, பாம்பு கடிச்சதோ?"

"இல்லை அண்ணை, தங்கச்சிக்குக் கலியாணம்" என்றேன். மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீனியை மட்டும் நிறுத்துத் தந்தார்.

நாலு ஆனையும் நாற்பது குரங்கும்

நெல் எப்படி மூடிக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் மாப்பிள்ளையின் தாய் நாகம்மா மாமி.

மாப்பிள்ளை கணேசன் தங்கமான பிள்ளை. எங்கள் வாய்க்காலுக்கு அடுத்த வாய்க்காலில் அவருக்கு அரசாங்கக் காணி கிடைக்க இருந்தது. கலியாணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் காணி அவருக்கு. போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவருக்கு இங்கே வந்து வயல் செய்ய ஆசை. பூரணத்துக்கும் ஆசை. எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லவே வேண்டாம். ஆறு வயதில் இருந்து வளர்த்த பிள்ளையை ஒரு வாய்க்கால் தூரத்தில் வைத்திருக்கலாம் என்றால் எந்த மூத்தவள் வேண்டாம் என்பாள்?

மாமி வேண்டாம் என்றார். தாய் சொல்லைத் தட்டி அந்தப் பிள்ளை கையெழுத்துப் போடாது. அதுவும் எங்களுக்குத் தெரியும்.

பெண் பார்க்க அவர்கள் வந்தது பங்குனி மாதம். அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் கட்டையும் வெடிப்புமாகக் கிடந்த நேரம். மாமி வரம்பில் நின்று சுற்றிலும் பார்த்தார். அவர்கள் ஊர்ச் செம்மண்ணில் துலா மிதித்துப் புகையிலையும் வெங்காயமும் வளர்த்த குடும்பம். மண்ணைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்ல முடியாது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசித்துப் பார்த்தார். நசியவில்லை.

"பிள்ளையும் வடிவு, வீடும் துப்பரவு. எல்லாம் சரிதான். ஆனா இந்தக் காட்டு மண்ணிலை என்ன பிள்ளை முளைக்கும்? நாலு ஆனையும் நாப்பது குரங்குந்தான். கலியாணம் முடிஞ்ச கையோடை ரெண்டு பேரும் எங்களோடை ஊருக்கு வரட்டும்."

சபையில் சம்பந்தியம்மாவுக்கு வாய் கொடுக்கக் கூடாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியை ஊற்றினேன். எங்கள் நெல்லில் இடித்த மாவில் செய்த பலகாரத்தை மாமி சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்தார். அப்போதும் நான் பேசவில்லை. ஆனால் முடிவெடுத்துவிட்டேன். என் வாய் பேசாததைப் பெட்டி பேசட்டும்.

மூடிக்கு வேலை

மூடிக்குக் கடற்சோகி வைப்பார்கள், கண்ணாடித் துண்டு வைப்பார்கள், வெள்ளி நூல் இழைப்பார்கள். நெல் வைத்து நான் கண்டதில்லை. மாசியில் நாங்கள் அறுத்த நெல்லில், விதைக்கென்று எடுத்து வைத்த மூட்டையை அவிழ்த்து, சுளகில் போட்டு, ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தேன். பதர் இல்லாதது, நிறம் மங்காதது, வயிறு நிறைந்தது. மொத்தம் நூற்றெட்டு.

இழைத்து முடித்த மூடியில், கூரான ஈர்க்கால் ஓலையை மெல்ல நெம்பி, ஒரு நெல்லை அரைவாசிக்குச் செருகி, ஓலையைத் திரும்ப அமர்த்த வேண்டும். கொஞ்சம் கூட நெம்பினால் ஓலை கிழியும். நடுவில் தொடங்கி ஏழு வட்டம். மூன்று நாள் மத்தியானச் சமையல் முடித்த கையோடு இருந்து செய்தேன். முடிந்ததும் வெயிலில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு ஓலையில் நெல் பொன் மாதிரித் தெரிந்தது. "என்ன முளைக்கும் எண்டு கேட்டியள் மாமி, இதுதான் முளைக்கும்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிக்கொண்டேன்.

பிறகு மூடியை அடிப்பெட்டியின் மேல் வைத்தேன். ஏறவில்லை.

செருகிய நெல்லெல்லாம் உள்பக்கம் ஓலையைத் தள்ளி, மூடியின் சுற்று இறுகிப்போயிருந்தது. அழுத்தினால் கிழியும். இதற்கு எங்கள் கைவைத்தியம் ஒன்றுதான். ஓலையை நனைத்து, கொஞ்சம் பெரிய பாத்திரத்தின் மேல் இழுத்துப் போட்டு, ஈரச்சாக்கில் ஓர் இரவு சுற்றி வைத்தால் ஓலை இளகிக் கொடுக்கும். அப்படியே செய்தேன். வாளித் தண்ணீரில் மூடியை நன்றாக ஊறவிட்டு, ஒரு பால்மாத் தகரப் பேணியின் மேல் கவிழ்த்து, சாக்கால் சுற்றி, குசினி மூலையில் வைத்தேன்.

ஓர் இரவுதான் கணக்கு. ஆனால் கலியாண வீடு. பயித்தம் பணியாரம் சுட ஆள் வந்தது, அரியதரத்துக்கு மா காணாமல் போனது, பந்தலுக்கு ஓலைக்கிடுகு குறைந்தது. மூடி மூன்று நாள் அங்கேயே கிடந்தது. கலியாணத்தன்று காலையில்தான் எனக்கு நினைவு வந்தது.

இவர் செய்த வேலை

இனிக் குசினி வாசலுக்குத் திரும்புவோம். நான் மூடியும் கையுமாக இருக்கிறேன். சத்தம் கேட்டு வந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். முளைத்த மூடியைப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். பிறகு மெல்லப் பின்வாங்கப் பார்த்தார்.

"நில்லுங்கோ. இந்தச் சாக்குக்கு ஆர் தண்ணி தெளிச்சது?"

"நான்தான். காலமையும் பின்னேரமும்."

"ஏன்?"

"ஈரச்சாக்கு மூலையிலை கிடந்தால் விதைநெல்லு எண்டெல்லோ நினைப்பன்! சிறுபோக விதைப்புக்கு நீர்தான் நனைச்சு வைச்சிருக்கிறீராக்கும் எண்டு பாத்தன்."

வயல்காரனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓலை இழைப்பவளும் ஈரச்சாக்கைத்தான் தேடுவாள், விதைப்பவனும் அதைத்தான் தேடுவான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். ஆனால் அன்று எனக்கு அந்த நியாயம் தோன்றவில்லை. என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அவரோ என் ஏச்சைக் காதில் வாங்காமல் மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சை பாருமப்பா. ஒண்டும் சோடை போகேல்லை. என்ன விதை!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் முளைகளைக் கிள்ளி எறிய நகத்தை வைத்தேன். மஞ்சள் பூசிக் குளித்த ஈரத் தலையோடு பூரணம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிள்ளாதேங்கோ அக்கா. எனக்கு இப்பிடியே வேணும்."

"உன்ர மாமி பாத்தால் சிரிப்பா, பிள்ளை."

"சிரிக்கட்டும். என்ர பெட்டி. நீங்கள் எனக்கெண்டு செய்தது."

மூடியை அடியின் மேல் வைத்தோம். ஏறியது. தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இறங்கியது. அந்தக் கலவரத்திலும் என் மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை வந்ததை ஒளிக்கப் போவதில்லை.

சேலைத் தலைப்பால் மூடிய சட்டி

மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் ஆரத்தித் தட்டோடு வாசல் படலையில் நின்றேன். நாகம்மா மாமி கடைசியாக இறங்கினார். அவர் கையில் ஒரு மண்சட்டி. அதைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்தார்.

எங்கள் கலியாணங்களில் முளைப்பாலிகை முக்கியம். சில நாள் முன்னதாகவே நவதானியத்தைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். கலியாணத்தன்று அது மணவறையில் பச்சைப்பசேலென்று நிற்க வேண்டும். முளை செழித்தால் வாழ்வு செழிக்கும் என்பது நம்பிக்கை. இரண்டு வீட்டிலும் போடுவோம்.

எங்கள் பாலிகையை ஏற்கெனவே மணவறையில் வைத்திருந்தோம். மாமி தன் சட்டியைக் கொண்டுபோய் ஓரமாக வைத்தார். தலைப்பை எடுக்க அவருக்கு மனமில்லை. காற்றில் அது தானாக விலகியது. சட்டியில் அங்கொன்று இங்கொன்றாக நாலைந்து முளை, அதுவும் வாடிச் சாய்ந்து கிடந்தது. அவர் வீட்டுச் சனமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பின்னால் யாரோ "சகுனம்" என்று தொடங்கி நிறுத்தினார்கள்.

நான் பழகி வைத்த வசனம் என் நாக்கு நுனியில் நின்றது. இரண்டு மாதக் கோபத்தில் கூர் தீட்டி வைத்த வசனம். மாமியின் முகத்தைப் பார்த்தேன். மண்கட்டியை நசித்துப் பார்த்த அந்தத் திடமான முகம் அன்று இல்லை. மகனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்துபோன ஒரு தாயின் முகம்தான் இருந்தது.

வசனத்தை விழுங்கிவிட்டு உள்ளே போனேன். பூரணத்தின் பெட்டியில் இருந்து மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

"மாமி, இதையும் உங்கட சட்டியோடை சேத்து வையுங்கோ. இதுவும் பாலிகைதான்."

மாமி இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் முளையைத் தடவினார். பிறகு மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்.

"மண் எங்கை பிள்ளை?"

"மண் இல்லை மாமி. ஓலையும் ஈரச்சாக்குந்தான்."

"எத்தினை நாள்?"

"மூண்டு."

"விதை எங்கத்தையான்?"

"மாசியிலை இந்த வயலிலை வெட்டினது. நீங்கள் வரம்பிலை நிண்டு பாத்த அதே துண்டு."

மாமி ஒரு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார். மேளகாரர் காத்து நின்றார்கள். ஐயர் தொண்டையைச் செருமினார். மாமி ஏழு வட்டத்தையும் எண்ணி முடித்தார்.

"நூத்தியேழு. ஒண்டு குறையுது பிள்ளை."

எனக்குச் சுருக்கென்றது. நூற்றெட்டும் என் கையால் தெரிந்தெடுத்த நெல். "அது முளைக்காமல் விடேல்லை மாமி, எங்கையோ கழண்டு விழுந்திட்டுது" என்றேன். உண்மையும் அதுதான். வெளி வட்டத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

மாமி முதல்முறையாகச் சிரித்தார். "சரி, சரி, விழுந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தன் சட்டியின் மேல், எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வைத்தார். பிறகு மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மகனைப் பார்த்து, மேளச் சத்தத்துக்கு மேலால் கேட்டார்.

"கணேசு, அந்தக் காணிக் கடிதம் எங்கை வைச்சிருக்கிறாய்?"

"வீட்டிலை இருக்கு அம்மா."

"பத்திரமா வை. கையெழுத்துப் போடவேணும்."

தாலி கட்டும்போது பூரணம் அழவில்லை. நான்தான் அழுதேன். அவளைப் பிரியப் போகிறேன் என்று அழத் தொடங்கி, பிரியத் தேவையில்லை என்பது நினைவு வந்து, அதற்கும் அழுதேன்.

திரும்பி வந்த பெட்டி

பாலிகைச் சட்டிகளை வழக்கப்படி குளத்தில் விட்டோம். மூடியில் இருந்த முளைகளை மட்டும் மாமி விடவில்லை. ஒவ்வொன்றாக வேர் அறாமல் உருவி, ஈரத்துணியில் சுற்றி மகனிடம் கொடுத்தார். எங்கள் வயலில் அப்போது சிறுபோகத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கணேசன் அவற்றை ஒரு மூலையில் ஊன்றினார். மூடியில் நூற்றெட்டுச் சின்னப் பள்ளம் மிஞ்சியது. வேறு மூடி இழைத்துத் தருகிறேன் என்று எத்தனை தரம் சொல்லியும் பூரணம் கேட்கவில்லை.

நெல் அறுக்கும் காலம் வந்தது. மாமி ஊரிலிருந்து வந்து, அந்த மூலையில் நின்ற கதிர்களைத் தன் கையாலேயே அறுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துப் பூரணம் அடுத்த வாய்க்காலில் இருந்து நடந்து வந்தாள். கையில் அந்தப் பெட்டி.

"மாமி தந்துவிட்டவா. உங்களட்டைக் குடுக்கட்டாம்."

வாங்கும்போது பாரமே இல்லை. மூடியைப் பிடித்துத் தூக்கினேன். அடியும் எழும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. இறங்கியது. உள்ளே பார்த்தேன். குங்குமச் சிமிழ் இல்லை, சீப்பு இல்லை. பெட்டியின் நடுவில் ஒரே ஒரு நெல்மணி கிடந்தது.

"என்னடி இது?"

"குறைஞ்ச ஒண்டாம்" என்றாள் பூரணம்.

வெளி வட்டத்தில், கலியாணத்தன்றே வெறுமையாக இருந்த அந்தப் பள்ளத்தைத் தேடிப் பிடித்து, ஈர்க்கால் ஓலையை நெம்பி, அந்த நெல்லைச் செருகினேன். இந்தமுறை நன்றாகக் காயவைத்துத்தான் செருகினேன். இவரிடமும் சொல்லி வைத்தேன், அந்தப் பெட்டிக்குக் கிட்டத் தண்ணீரோடு வரக் கூடாது என்று.